டிஃபர்டு எம்பிஏ: முதலீட்டுத் துறைக்குப் போக நினைக்கும் கல்லூரி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பங்கு ஆய்வு, இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் (நிறுவனங்கள் மூலதனம் திரட்டவும் ஒன்றையொன்று வாங்கவும் உதவும் வேலை), பிரைவேட் ஈக்விட்டி (நிறுவனங்களையே வாங்கி, வளர்த்து, விற்பது), ஃபண்ட் மேனேஜ்மென்ட் (பிறர் பணத்தை முதலீடு செய்து நிர்வகிப்பது) என்று முதலீட்டுத் துறையில் கால் வைக்க நினைக்கும் இளங்கலை மாணவர்கள் டிஃபர்டு எம்பிஏ பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களைப் பற்றியவை. இந்த ஏற்பாடு பரவலாக இருப்பது அங்கேதான். கட்டணமும் கடைசித் தேதியும் வருடா வருடம் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஸ்கூலின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டிஃபர்டு எம்பிஏ என்றால் என்ன?

கல்லூரியின் கடைசி வருடத்திலேயே எம்பிஏவுக்கு விண்ணப்பித்து, இடம் வாங்கி வைத்துக்கொண்டு, சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போய்ச் சேருவது. வழக்கமாக அமெரிக்காவின் பெரிய பிசினஸ் ஸ்கூல்களுக்கு நான்கைந்து வருட அனுபவம் உள்ளவர்கள்தான் விண்ணப்பிப்பார்கள். இதில் வரிசை மாறுகிறது. முதலில் இடம், பிறகு வேலை, அப்புறம் வகுப்பு.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2007-ல் 2+2 என்ற பெயரில் இதை அறிவித்தது. இரண்டு வருட வேலை, இரண்டு வருடப் படிப்பு என்பதால் அந்தப் பெயர். இன்று ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன், கொலம்பியா, சிகாகோ பூத், எம்.ஐ.டி. ஸ்லோன், கெலாக், பெர்க்லி ஹாஸ், வர்ஜீனியாவின் டார்டன் என்று முன்னணி ஸ்கூல்கள் பலவற்றிலும் இது உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: வார்ட்டனில் மோலிஸ் அட்வான்ஸ் ஆக்சஸ், பூத்தில் பூத் ஸ்காலர்ஸ், கெலாக்கில் ஃபியூச்சர் லீடர்ஸ், டார்டனில் ஃபியூச்சர் இயர் ஸ்காலர்ஸ், ஹாஸில் ஆக்ஸிலரேட்டட் ஆக்சஸ். யேலின் சில்வர் ஸ்காலர்ஸை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கல்லூரி முடித்த கையோடு வகுப்பில் சேர்ந்துவிட வேண்டும். நடுவில் ஒரு வருடம் வேலை, பிறகு மீண்டும் வகுப்பு.

யார் விண்ணப்பிக்கலாம்? மூன்று வருட பி.காம். படிப்பவருக்கு வாய்ப்பு உண்டா?

இளங்கலைக் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். இளங்கலை முடித்து, இடையில் முழுநேர வேலைக்குப் போகாமல் நேராக முதுகலையில் சேர்ந்து, அதன் கடைசி வருடத்தில் இருப்பவர்களையும் பெரும்பாலான ஸ்கூல்கள் ஏற்கின்றன. போன வருடமே படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தவர்களுக்கு இந்த வழி மூடிவிட்டது. அவர்கள் வழக்கமான எம்பிஏ வழியில்தான் வர வேண்டும். விடுமுறை இன்டர்ன்ஷிப், பகுதிநேர வேலை எதுவும் தடையில்லை. சொல்லப்போனால் அவைதான் விண்ணப்பத்தின் பலம்.

மூன்று வருடப் பட்டத்தை ஹார்வர்டு ஏற்கிறது. எல்லா ஸ்கூலும் அப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொன்றிலும் விதியைப் படியுங்கள். ஆங்கில வழிக் கல்லூரியில் படித்தவர்களிடம் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

எந்த ஸ்கூல் எத்தனை வருடம் காத்திருக்கும்?

முதலீட்டுத் துறைக்குப் போகிறவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் ஸ்கூலின் பெயரையும் தரவரிசையையும் பார்த்துவிட்டு இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

ஹார்வர்டும் வார்ட்டனும் 2 முதல் 4 வருடம். ஸ்டான்ஃபோர்டு 1 முதல் 4. கொலம்பியா, பூத், ஸ்லோன், கெலாக், ஹாஸ், டார்டன் 2 முதல் 5. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரு வருடம் மற்ற துறைகளில் பெரிய விஷயமில்லை. முதலீட்டுத் துறையில் பெரிய விஷயம்.

ஏனென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி 2026 மே மாதம் கல்லூரி முடிக்கிறார். ஜூலையில் ஒரு முதலீட்டு வங்கியில் அனலிஸ்டாக, அதாவது ஆரம்பநிலை ஆய்வாளராகச் சேர்கிறார். அது இரண்டு வருட வேலை. 2028 கோடையில் முடிகிறது. அங்கிருந்து ஒரு பிரைவேட் ஈக்விட்டி நிறுவனத்தில் அசோசியேட் என்ற அடுத்த படி. அதுவும் பொதுவாக இரண்டு வருடம். 2030 ஜூலையில் முடிகிறது. ஹார்வர்டு வகுப்பு 2030 ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. நான்கு வருடமும் ஒரு வாரம்கூட மிச்சமில்லாமல் தீர்ந்துவிட்டது. வங்கியில் மூன்றாவது வருடம் இருக்கச் சொன்னாலோ, நிறுவனம் மாற வேண்டியிருந்தாலோ, பாதியில் எடுத்த ஒரு முதலீட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றினாலோ, இடத்தை விட வேண்டும் அல்லது வேலையை விட வேண்டும். அதே மாணவியின் கையில் கொலம்பியாவோ பூத்தோ இருந்தால் 2031 வரை நேரம் இருக்கிறது.

வங்கிக்குப் போகாமல் நேராக ஒரு ஃபண்டில் பங்கு ஆய்வாளராகச் சேருபவருக்கு இந்த நெருக்கடி குறைவு. மூன்று வருடம் ஒரே இடத்தில் இருந்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.

ஹார்வர்டு 2+2 இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் போகிறவர்களை விரும்பாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு, யாருக்கு முன்னுரிமை என்பதையும் ஹார்வர்டு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உற்பத்தி, தொழில்நுட்பம், நுகர்பொருள், சில்லறை வணிகம் போன்று நேரடியாகத் தொழில் நடத்தும் நிறுவனங்களில் வேலைக்குப் போகிறவர்கள், தொழில்நுட்பத் திறன் அதிகம் கேட்கும் வேலையில் சேருகிறவர்கள், சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்கள், வசதி குறைந்த குடும்பத்திலிருந்து வருகிறவர்கள். வங்கியிலும் கன்சல்டிங்கிலும் இருப்பவர்கள் எப்படியும் பிற்பாடு எம்பிஏவுக்கு வந்துவிடுவார்கள். வராமல் போகக்கூடியவர்களை முன்கூட்டியே பிடித்து வைக்கத்தான் இந்தத் திட்டம்.

எனவே பெரிய வங்கியின் வேலைக் கடிதம் மட்டுமே உங்கள் பலம் என்றால், 2+2-ல் உங்களைப் போன்றவர்கள் ஏராளம், இடமோ வருடத்துக்கு நூற்றுச் சொச்சம்தான். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தவர் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் எதையெல்லாம் தானாகக் கற்றுக்கொண்டிருப்பார் என்பது சேர்க்கைக் குழுவுக்குத் தெரியும். பரிதாபம் தேடுவது போலிருக்குமோ என்று தயங்க வேண்டியதில்லை.

முதலீட்டுப் படிப்புக்கு எந்த ஸ்கூல் நல்லது?

நீங்கள் எந்த வகை முதலீட்டை விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பட்டியலிட்ட பங்குகளைப் படித்து, விலைக்கும் மதிப்புக்கும் உள்ள இடைவெளியைத் தேடும் வேலை பிடித்திருந்தால் என் முதல் ஓட்டு கொலம்பியாவுக்கு. இந்த முறையின் முன்னோடியான பெஞ்சமின் கிரஹாம் 1928-ல் அங்கே பாடம் எடுக்கத் தொடங்கினார். டேவிட் டாட் அவருடைய மாணவராக வந்து பிறகு கூடவே பாடம் நடத்தியவர். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இடம் தர மறுத்த வாரன் பஃபெட், கிரஹாமிடம் படிப்பதற்காகவே கொலம்பியாவுக்கு வந்து 1951-ல் பட்டம் வாங்கினார். அந்த மரபு இன்னும் நடப்பில் இருக்கிறது. கொலம்பியாவின் ஹைல்பிரன் மையம் நடத்தும் வேல்யூ இன்வெஸ்டிங் (மதிப்பைவிட மலிவாகக் கிடைக்கும் பங்குகளைத் தேடும் முறை) பாடங்களைப் பலமுறை நடத்துவது, நியூயார்க்கில் பணம் நிர்வகிக்கும் ஆட்களே. காலையில் தங்கள் ஃபண்டில் ஒரு பங்கை வாங்கலாமா என்று விவாதித்தவர் மாலையில் உங்கள் அறிக்கையைத் திருத்துகிறார். அந்த மையத்தின் பாடத்திட்டத்தில் நுழைய, சேர்ந்தபின் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவில் இடம் கிடைத்தாலே அதுவும் கிடைத்ததாக ஆகாது.

பூத் இதற்கு நேர் எதிரான கேள்வியிலிருந்து தொடங்குகிறது: சந்தையை ஜெயிக்கவே முடியுமா? சந்தை விலையில் எல்லாத் தகவலும் அடங்கிவிடுகிறது என்ற கருத்தை வளர்த்த யூஜின் ஃபாமா அங்கேதான் இருக்கிறார், 2013-ல் நோபல். மனிதர்கள் பணத்தில் எப்படியெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று காட்டிய ரிச்சர்ட் தேலரும் அங்கேதான், 2017-ல் நோபல். ஃபாமாவிடம் படித்த டேவிட் பூத், அந்த ஆய்வையே அடிப்படையாக வைத்து ஒரு ஃபண்ட் நிறுவனத்தை வளர்த்து, 2008-ல் 30 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார். ஸ்கூலுக்கு அவர் பெயர் வந்தது அப்படித்தான். எண்களோடு பழகப் பிடித்தவர்களுக்கு, கட்டாயப் பாடம் குறைவாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு, பூத் நல்ல இடம்.

பிரைவேட் ஈக்விட்டி என்றால் ஹார்வர்டு, வார்ட்டன், ஸ்டான்ஃபோர்டு. அந்தத் துறையின் மேல்மட்டத்தில் இந்த மூன்றின் பழைய மாணவர்கள் நிறைய. வார்ட்டன் திட்டத்துக்குப் பெயரும் பணமும் கொடுத்த கென் மோலிஸ், இளங்கலை, எம்பிஏ இரண்டையும் வார்ட்டனிலேயே முடித்துவிட்டுப் பிறகு சொந்தமாக முதலீட்டு வங்கி தொடங்கியவர். முதலில் வார்ட்டன் இருக்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்கு மட்டும் இருந்த வழி, பின்னால்தான் மற்றவர்களுக்கும் திறந்தது. வென்ச்சர் கேப்பிடல் (புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் முதலீடு) என்றால் ஸ்டான்ஃபோர்டு. அந்த ஃபண்டுகள் வரிசையாக அலுவலகம் வைத்திருக்கும் சாண்ட் ஹில் சாலை வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

முதலீட்டு வேலைக்கு எம்பிஏ தேவைதானா?

எல்லா வேலைக்கும் தேவையில்லை. கணித மாதிரிகளை வைத்து வர்த்தகம் செய்யும் நிறுவனங்களில் எம்பிஏவுக்கு மதிப்பு கிடையாது. அங்கே கணிதமும் நிரல் எழுதும் திறமையும்தான். பெரும் பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தை முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டுகளில் போன வருடம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள், பட்டத்தைக் கேட்கமாட்டார்கள். பெரிய பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் சிலவற்றில் அசோசியேட்டிலிருந்து மேலே ஏற எம்பிஏ இன்னும் வழக்கமான படி. ஃபிடெலிட்டி போன்ற பெரிய மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்கள் ஆய்வாளர்களை நேராக பிசினஸ் ஸ்கூல்களிலிருந்தே எடுக்கின்றன. வேறு துறையிலிருந்து முதலீட்டுக்கு மாற நினைக்கும் பொறியாளருக்கோ, இந்தியாவிலிருந்து நியூயார்க் போக நினைப்பவருக்கோ, எம்பிஏ ஒரு உண்மையான வாசல்.

அப்படியானால் சி.எஃப்.ஏ. போதாதா?

இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. முதலீட்டு ஆய்வாளர்களுக்கான தேர்வுத் தகுதியான சி.எஃப்.ஏ. பாடம் கற்றுக்கொடுக்கும், செலவும் குறைவு. எம்பிஏ ஆட்களையும் வாசல்களையும் கொடுக்கும். பட்டப்படிப்பு முடிய 23 மாதம் இருக்கும்போதே சி.எஃப்.ஏ. முதல் நிலைத் தேர்வை எழுதலாம். டிஃபர்டு விண்ணப்பம் போடுவதற்குள் அதில் தேறியிருந்தால், முதலீட்டின் மேல் உள்ள ஆர்வம் வெறும் பேச்சில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் மட்டுமே குறி என்றால் அவசரப்பட வேண்டாம்.

ஜிமேட்டா, ஜி.ஆர்.ஈ.யா? எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?

இரண்டும் பிசினஸ் ஸ்கூல்கள் ஏற்கும் நுழைவுத் தேர்வுகள். எது உங்களுக்கு நன்றாக வருகிறதோ அது. இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடம், 205 முதல் 805 வரை மதிப்பெண், மூன்று பகுதிகள். இரண்டு தேர்வின் மதிப்பெண்ணும் ஐந்து வருடம் செல்லும். டிஃபர்டில் இடம் கிடைக்காவிட்டாலும் அதே மதிப்பெண்ணை வைத்து மூன்று, நான்கு வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம் என்பதால் இந்த உழைப்பு வீணாகாது. வேலை அனுபவம் இல்லாத விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் விழும் என்பது இயல்புதானே. கல்லூரியில் கணிதப் பாடமே எடுக்காதவர்கள் கணிதப் பகுதியில் கூடுதல் கவனம் வையுங்கள்.

கட்டுரையில் என்ன எழுதுவது? எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையே?

இந்தக் கேள்வி கேட்காத மாணவர் இல்லை. முதலீட்டுத் துறைக்குப் போகிறவர்களின் கட்டுரை வரைவுகளில் ஒரே பத்தி திரும்பத் திரும்ப வருகிறது: சின்ன வயதில் அப்பா பங்குச் சந்தை பார்ப்பார், அதிலிருந்து எனக்கு ஆர்வம், கல்லூரியில் முதலீட்டு மன்றத்தின் தலைவரானேன், எதிர்காலத்தில் வளரும் நாடுகளில் மூலதனத்தைக் கொண்டுசேர்ப்பேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை எழுதியவர் யார் என்று படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

இதற்குப் பதிலாக, நீங்கள் உட்கார்ந்து யோசித்த ஒரே ஒரு முதலீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஈரோட்டு மாணவர் ஒருவர் பட்டியலிட்ட ஒரு நூற்பாலையின் ஆண்டறிக்கைகளைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 12 சதவீதம் கூடியிருக்கிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் வர வேண்டிய பாக்கி 40 சதவீதம் கூடியிருப்பது அவர் கண்ணில் படுகிறது. ஏன் என்று அறிக்கையில் இல்லை. தெரிந்த நூல் வியாபாரியிடம் போய்க் கேட்கிறார். முன்பெல்லாம் 60 நாளில் பணம் கட்டச் சொன்ன ஆலை இப்போது 75 நாள் விடுகிறது, அதனால்தான் நாங்களும் கூடுதலாக எடுக்கிறோம் என்கிறார் வியாபாரி. விற்பனை வளரவில்லை, கடன் வளர்ந்திருக்கிறது என்று மாணவருக்கு அப்போது புரிகிறது. கல்லூரி முதலீட்டு மன்றத்தில் அந்தப் பங்கை வாங்கக்கூடாது என்று வாதாடுகிறார். மற்றவர்கள் கேட்கவில்லை, வாங்குகிறார்கள்.

இந்த ஒரு பக்கத்தில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். எண்ணைச் சந்தேகிக்கத் தெரிகிறது, அறிக்கையை மூடிவிட்டு ஆளைத் தேடிப் போகத் தெரிகிறது, கூட்டத்தோடு ஒத்துப்போகாத கருத்தைச் சொல்லும் தைரியம் இருக்கிறது. பிற்பாடு பங்கு ஏறியதா இறங்கியதா என்பதுகூட முக்கியமில்லை. தான் சொன்னது எடுபடாதபோது அந்த மாணவர் என்ன செய்தார் என்பதை எழுதினால் தலைமைப் பண்பைப் பற்றிய கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டின் கேள்வி வேறு மாதிரி. உங்களுக்கு எது எல்லாவற்றையும்விட முக்கியம், ஏன் என்று கேட்பார்கள். அதற்கு முதலீட்டைப் பதிலாகச் சொல்லாதீர்கள். இருபத்தொரு வயதில் யாருக்கும் அது வாழ்க்கையின் ஆக முக்கியமான விஷயமாக இருக்காது, படிப்பவர்களும் நம்பமாட்டார்கள். வீட்டில், தெருவில், நண்பர்களோடு நீங்கள் எதற்காகச் சண்டை போட்டிருக்கிறீர்கள் என்று யோசித்தால் பதில் கிடைக்கும்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெரும்பாலும் இரண்டு கேட்பார்கள். ஒன்று இன்டர்ன்ஷிப்பில் உங்களுக்கு மேலே இருந்தவர், இன்னொன்று உங்கள் வேலையை நேரில் பார்த்த பேராசிரியர். துறைத்தலைவர், முதல்வர் என்று பெரிய பதவியில் இருப்பவரிடம் போகும் பழக்கம் நம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறது. அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். அது விதிமீறல். தவிர, உங்கள் கட்டுரையின் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் கணக்கில் பிழை கண்டுபிடித்து, திருத்தச் சொல்லி, நீங்கள் அன்று இரவே திருத்திக் கொடுத்ததை நினைவில் வைத்திருக்கும் இளம் மேலாளர் ஒருவர் எழுதினால் அதுதான் நல்ல கடிதம்.

இடம் கிடைத்தபின் எந்த வேலைக்கும் போகலாமா?

ஸ்கூல்கள் முழுநேர வேலையைத்தான் எதிர்பார்க்கின்றன. எங்கே சேர்கிறீர்கள், எப்போது மாறுகிறீர்கள் என்பதை அவ்வப்போது தெரிவிக்கச் சொல்வார்கள். பட்டத்தை நல்லபடியாக முடிக்க வேண்டும், நடத்தையில் குறை வரக்கூடாது. இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கட்டச் சொன்னால் அது பொதுவாகத் திரும்பி வராது.

இந்த விதிகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கையில் இடம் இருக்கிறது என்பதே உங்களுக்கு ஒரு சுதந்திரம். முதல் வேலை தப்பாகப் போனால் எம்பிஏ கிடைக்காதே என்ற பயம் இனி இல்லை. ஆனால் இடம் கிடைத்த மாணவர்களில் பலர் அடுத்த நாளே, இடம் கிடைக்காத வகுப்புத் தோழர்கள் போகும் அதே பெரிய வங்கிக்கே போகிறார்கள். வங்கி வேலை உண்மையிலேயே பிடித்திருந்தால் போங்கள், நிறுவனத்தின் எண்களை வைத்து அதன் மதிப்பைக் கணிக்கும் மாடலிங்கைக் கற்றுக்கொள்ள அதுபோல் இடம் இல்லை. பிடிக்காமல், பெயருக்காகப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தை வாங்கியதன் பலன் பாதி போயிற்று. நான்கே பேர் உள்ள சின்ன ஃபண்ட், குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் அலுவலகம், கடன் தரக் கணிப்பு நிறுவனம், நீங்கள் பிற்பாடு முதலீடு செய்ய விரும்பும் தொழிலில் ஒரு தொழிற்சாலை வேலை: இதெல்லாம் சாதாரண எம்பிஏ விண்ணப்பதாரர் யோசித்து யோசித்து விட்டுவிடுகிற வேலைகள். நீங்கள் துணிந்து எடுக்கலாம். மருந்து நிறுவனப் பங்குகளை ஆராய விரும்புபவர் இரண்டு வருடம் மருந்து ஆலையில் இருந்துவிட்டு வந்தால், அந்தத் துறையில் அவர் கேட்கும் கேள்விகளை வகுப்பில் வேறு யாராலும் கேட்க முடியாது.

பிரைவேட் ஈக்விட்டி ஆள்சேர்ப்பு எப்போது நடக்கும்? இடம் வைத்திருப்பது அதற்கு உதவுமா?

நியூயார்க்கில் இது மிகச் சீக்கிரம் நடந்துவருகிறது. வங்கியில் சேர்ந்த சில வாரங்களிலேயே, இரண்டு வருடம் கழித்துத் தொடங்கப்போகும் வேலைக்கு நேர்காணல். இதைப் பொறுக்காமல் 2025 ஜூனில் ஜே.பி. மார்கன் வங்கி தன் புதிய அனலிஸ்டுகளுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது: சேருவதற்கு முன்போ, சேர்ந்த 18 மாதத்துக்குள்ளோ வேறு இடத்தில் எதிர்கால வேலையை ஒப்புக்கொண்டால் வேலை போகும். அதே மாதம் அப்போலோ என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் 2027-ல் சேரப்போகிறவர்களுக்கான தேர்வை அந்த வருடம் நடத்தவில்லை என்று அறிவித்தது. நிலைமை இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது.

அந்த எச்சரிக்கை அடுத்த வேலையைப் பற்றியது, படிப்பைப் பற்றியது அல்ல. இரண்டு வருடத்தில் எம்பிஏவுக்குப் போவேன் என்றால் பெரிய வங்கிகளோ, இரண்டு வருட அசோசியேட் வேலை தரும் நிறுவனங்களோ ஒன்றும் நினைக்காது. அவர்களே அப்படித்தான் திட்டமிடுகிறார்கள். சின்ன ஃபண்ட் அப்படியல்ல. மூன்று பேரில் ஒருவராக உங்களை எடுத்து, ஒரு வருடம் பழக்கி, கிளம்பும்போது தெரிந்தால் மனம் நொந்துபோவார்கள். அங்கே நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னதால் கைநழுவுகிற வேலை உங்களுக்கான வேலையும் அல்ல.

எவ்வளவு செலவாகும்? உதவித்தொகை உண்டா?

விண்ணப்பச் செலவு குறைவு. ஹார்வர்டில் வழக்கமான விண்ணப்பத்துக்கு 250 டாலர் என்றால் 2+2-க்கு 100 டாலர். படிப்புச் செலவுதான் மலைக்க வைக்கும். அங்கே கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 75,000 டாலருக்கு மேல். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு சேர்த்தால் தனியாளுக்கு வருடம் 1,20,000 டாலரைத் தாண்டும். நீங்கள் கட்டப்போவது சேரும் வருடத்தின் கட்டணம், இன்றைய கட்டணம் அல்ல.

உதவித்தொகையில் முதலீட்டுத் துறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் மதிப்பெண்ணுக்குப் பணம் தருவதில்லை, தேவையைப் பார்த்துத்தான் தருகின்றன. சேரும் முன் உங்கள் வருமானமும் சேமிப்பும் எவ்வளவு என்று கேட்பார்கள். நியூயார்க்கில் நான்கு வருடம் போனஸோடு சம்பாதித்தவருக்குத் தேவை குறைவு என்றுதான் கணக்காகும். அதே வருடங்களில் மதுரையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு நிறையக் கிடைக்கலாம். மிக அதிகத் தேவை உள்ளவர்களுக்கு ஹார்வர்டு கல்விக் கட்டணம் முழுவதையுமே கொடுத்துவிடுகிறது. வார்ட்டன், பூத், கொலம்பியாவில் திறமைக்கான உதவித்தொகையும் உண்டு. பெரிய சம்பளம் வாங்கப்போகிறவர்கள் முதல் மாதத்திலிருந்தே எம்பிஏவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

என் மகனுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது. கடன் வாங்கி மறுபடியும் எதற்குப் படிப்பு?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. இப்போது கடன் வாங்க வேண்டியதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு ஆகும் செலவு தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், கிடைத்தால் முன்பணம். மூன்று, நான்கு வருடம் கழித்து அவர் கையில் சம்பளமும் அனுபவமும் இருக்கும்போது போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். போகாவிட்டால் முன்பணம் மட்டும்தான் நட்டம். வீட்டில் ஒரே வருமானம் அவருடையது என்றால் இந்தப் பேச்சை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இரண்டு வருடம் சம்பளம் வராது என்பதை வீடு தாங்குமா என்பது அவர் ஒருவர் எடுக்கும் முடிவு அல்ல.

விசா நிலவரம் எப்படி?

படிக்கப் போகும்போது மாணவர்களுக்கான எஃப்-1 விசா. படித்து முடித்தபின் 12 மாதம் அங்கே வேலை பார்க்க அனுமதி. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் சேர்த்திருக்கும் படிப்பாக இருந்தால் கூடுதலாக 24 மாதம். பல ஸ்கூல்களில் நிதி சார்ந்த பாடப்பிரிவுகள் அந்த வகையில் வருகின்றன. அதன்பின் எச்-1பி வேலை விசா. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். நீங்கள் படித்து முடிக்க இன்னும் பல வருடம் ஆகும். அதுவரை விதிகள் எத்தனை முறை மாறுமோ. இந்தியாவில் இருந்துகொண்டே முதலீட்டுத் துறையில் வேலை பார்த்தாலும் இந்தப் படிப்பு பயன்படுமா என்று யோசித்து, பயன்படும் என்றால் மட்டும் விண்ணப்பியுங்கள்.

இந்தியாவில் இதுபோல் ஏதாவது உண்டா?

ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) யங் லீடர்ஸ் என்ற பெயரில் இந்த வகைத் திட்டம் ஒன்றை நடத்தியிருக்கிறது. கல்லூரி மாணவராக இருக்கும்போதே தேர்வாகி, வேலை பார்த்துவிட்டு, ஹைதராபாத்திலோ மொகாலியிலோ சேரும் ஏற்பாடு அது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் அவர்கள் தளத்தைப் பாருங்கள். ஐ.ஐ.எம்.கள் கேட் (CAT) நுழைவுத் தேர்வு வழியாகப் புதிதாகப் பட்டம் பெற்றவர்களையே நேரடியாக எடுப்பதால் அங்கே இடத்தைத் தள்ளிப்போடும் தேவை அவ்வளவாக எழவில்லை. மும்பையில் ஃபண்ட் நிறுவனத்தில் வேலை பார்ப்பதே ஆசை என்றால் ஐ.ஐ.எம்.மும் சி.எஃப்.ஏ.வும் சேர்ந்து போதும். அமெரிக்கக் கடன் தேவையில்லை.

எப்போது தயாராகத் தொடங்க வேண்டும்?

பெரும்பாலான ஸ்கூல்களுக்குக் கடைசித் தேதி கடைசி வருட ஏப்ரல் மாதத்தில் வரும். நம் பல்கலைக்கழகத் தேர்வுகளும் அதே சமயத்தில் வரும். அதனால் ஜிமேட்டையோ ஜி.ஆர்.ஈ.யையோ டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள். பரிந்துரை கேட்க வேண்டியவர்களிடம் ஜனவரியில் பேசுங்கள். பிப்ரவரி, மார்ச் கட்டுரைக்கு. முடிவுகள் பொதுவாகக் கோடையில் வரும். நான்கு ஸ்கூலுக்கு மேல் விண்ணப்பிக்காதீர்கள். ஐந்தாவது கட்டுரை எப்போதும் முதல் கட்டுரையின் பிரதியாகவே இருக்கும்.

கிடைக்காவிட்டால் பின்னால் விண்ணப்பிக்கும்போது பாதிக்குமா?

பாதிக்காது. வேலை அனுபவத்தோடு திரும்ப விண்ணப்பிப்பதை ஸ்கூல்கள் வரவேற்கின்றன. பழைய விண்ணப்பத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். முதலீட்டைப் பற்றி அன்று நீங்கள் நம்பியதில் எதெல்லாம் மாறியிருக்கிறது என்பதே அடுத்த கட்டுரைக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

இடம் கையில் இருக்கிறது, வேலையும் பிரமாதமாகப் போகிறது. விட்டுவிடலாமா?

பல ஸ்கூல்களில் இந்த இடம் உங்களைக் கட்டிப்போடுவதில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். வேறு ஸ்கூலுக்கும் விண்ணப்பிக்கலாமா என்பது சேர்க்கைக் கடிதத்தின் நிபந்தனையில் இருக்கும், அதைப் பாருங்கள். ஃபண்டில் உங்கள் பெயரில் ஒரு துறையை ஒப்படைத்து, உங்கள் தேர்வுகளுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் அங்கேயே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சம்பளம் ஏறியது என்பது மட்டும் காரணமானால், இன்னும் ஐந்து வருடத்தில் யாருடைய வேலையை நீங்கள் செய்ய விரும்புகிறீர்களோ அவரிடமே போய், அந்த இடத்துக்கு அவர் எம்பிஏ படித்து வந்தாரா, இப்போது ஒருவரை எடுப்பதானால் கேட்பாரா என்று கேளுங்கள். விடுவது என்று முடிவானால் ஸ்கூலுக்குச் சீக்கிரம் தெரிவியுங்கள். அவர்கள் அடுத்த வருட வகுப்பை நிரப்பத் தொடங்குவதற்குள் தெரிந்தால் அந்த இடம் இன்னொருவருக்குப் போகும்.